மழை பெய்த மாலையில் போய்ப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 26 வயது. வீட்டின் பின்னறையில் சிறியதோர் ஒலிப்பதிவுக் கூடம் அமைக்க எண்ணியிருக்கிறேன். எங்கள் பக்கத்து வடமோடி, தென்மோடிக் கூத்துப் பாடல்களையும், கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திப் பாடல்களையும் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே பதிந்துவிட வேண்டும் என்பது ஆசை. மட்டக்களப்புக் கல்லடியில் ஒருவர் கனடாவுக்குப் போகிறார். தன்னுடைய ஸ்டூடியோச் சாமான்கள் எல்லாவற்றையும் சேர்த்து 2,60,000 ரூபா கேட்கிறார். போகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 இன்டர்பேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) ஒன்று, ரோட் என்டி1-ஏ மைக் ஒன்று, ஷுவர் எஸ்எம்58 இரண்டு, யமஹா எச்எஸ்5 ஸ்பீக்கர் ஒரு சோடி, 12 சேனல் மிக்சர், ஹெட்போன், கேபிள்கள். “எல்லாம் வேலை செய்கிறது, வந்து போட்டுப் பாருங்கள்” என்கிறார். ஒரு தடவைதான் போக முடியும். நான் எதைப் பார்க்க வேண்டும்?
வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: தம்பி, விற்பவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும். மைக்கில் பேசினால் ஸ்பீக்கரில் கேட்கும். அவருக்கு அது போதும். நீங்கள் பதியப்போவதோ எழுபது வயதுக் கூத்து ஆசான், அண்ணாவியார் ஒருவர் மூச்சு வாங்கி வாங்கிப் பாடும் விருத்தம். ஓர் அடி முடித்து அவர் நிறுத்துகிற இடத்தில் ‘உஸ்’ என்று இரைச்சல் கேட்டால் அந்தப் பதிவு போயிற்று. ஆகவே சாமான் சத்தம் போடுகிறதா என்று பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அது எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

போவதற்கு முன் தொலைபேசியிலேயே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: இவையெல்லாம் இத்தனை வருடமும் எங்கே இருந்தன? எத்தனை வருடப் பழசு என்பதை நான் அதற்குப் பிறகுதான் கேட்பேன். குளிரூட்டிய அறையில், மூடி போட்டு, பத்து வருடம் இருந்த மைக்கில் எனக்குப் பயம் இல்லை. கடற்கரை வீதியில் ஜன்னல் திறந்த அறையில் இரண்டே வருடம் இருந்ததைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். கல்லடி என்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்று என்ன செய்யும் என்பதற்கு அங்கே நிற்கும் எந்தச் சைக்கிளின் ரிம்மையும் பார்த்தால் போதும். அதே காற்றுத்தான் மைக் கேபிளின் முள்ளிலும், சர்க்கியூட் பலகையின் ஈயப் பற்றிலும் படிகிறது.

அடுத்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். மழை பெய்த நாளாகப் பார்த்து, மாலையில் போங்கள். அறையில் குளிரூட்டி இருந்தால் நீங்கள் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே அதை நிறுத்திவிடச் சொல்லுங்கள்.

காரணம் அந்த என்டி1-ஏ. அது கண்டென்சர் வகை. அந்த வகை மைக்கின் வலைக்கூட்டுக்குள் தலைமயிரைவிட மெல்லிய ஒரு சவ்வு இருக்கிறது. அதற்குப் பின்னால் ஓர் உலோகத் தகடு. இரண்டுக்கும் நடுவில் மின்னேற்றம் நிற்கிறது. அது கசியாமல் நின்றால்தான் குரலில் சவ்வு அசைவது மின்சாரத்தில் தெரியும். பாடியவர்களின் எச்சில் தூறலும் தூசும் உப்பும் சவ்வின் ஓரத்தில் படிந்திருந்து, அதன் மேல் காற்றின் ஈரமும் ஏறிவிட்டால், மின்னேற்றம் அந்த வழியாகக் கசியத் தொடங்கும். காதுக்கு அது கடுகு தாளிப்பது போலக் கேட்கும். கச்சான் காற்று அடிக்கிற வறண்ட மாதங்களில் இந்தக் குறை ஒளிந்துகொள்ளும். குளிரூட்டிய அறையிலும் ஒளிந்துகொள்ளும். கார்த்திகை பிறந்து நாலு நாள் அடைமழை பெய்ததும் வெளியே வரும். அதற்குள் விற்றவர் ரொறன்ரோவில் இருப்பார்.

மைக்கைக் கையில் வாங்கியதும் டொர்ச் வெளிச்சத்தை வலைக்கூட்டின் மேல் சாய்வாக அடித்து உள்ளே பாருங்கள். பொன்னிறச் சவ்வு கண்ணாடி போல வழவழப்பாகத் தெரிய வேண்டும். ஒன்றிரண்டு தூசு பரவாயில்லை. திட்டுத் திட்டாகக் கறையோ, சுருக்கமோ இருந்தால் அதை அப்படியே பெட்டியில் வைத்துவிடலாம். ஊதிப் பார்க்கவே கூடாது. மேடையில் மைக் கிடைத்தவுடன் எல்லோரும் செய்கிற முதல் வேலை அதுதான். இந்த மைக்குக்கு அது கன்னத்தில் அறைவது போல.

பிறகு மைக்கைப் பூட்டி, இன்டர்பேஸில் 48 வோல்ட்டைப் போட்டு (கண்டென்சர் மைக் இயங்க அந்த மின்சாரம் வேண்டும்), ஐந்து நிமிடம் விடுங்கள். ஒரு சாண் தூரத்தில் இருந்து பத்து நிமிடமாவது விடாமல் பேசுங்கள், அல்லது பாடுங்கள். உங்கள் மூச்சின் ஈரமே அதற்குச் சோதனை. உடம்பில் ஒரு சிறிய பொன்னிறப் புள்ளி இருக்கும், அதுதான் முகம். அந்தப் பக்கம் பேசியதையே பின்பக்கம் போயும் பேசுங்கள். பின்னால் குரல் நன்றாகத் தாழ்ந்து, தூரத்தில் கேட்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் கேட்டால் உள்ளே யாரோ கை வைத்திருக்கிறார்கள், அல்லது அது அந்த மைக்கே இல்லை.

கடைசியாக மைக்கைத் தலையணைகளுக்கு நடுவில், உடுப்பு அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள். மின்விசிறியை நிறுத்தி, எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லி, மூன்று நிமிடம் பதியுங்கள். பதிந்ததை உங்கள் சொந்த ஹெட்போனில் ஒலியைக் கூட்டிக் கேளுங்கள். நிலவு இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணித் துடுப்பை நீரில் விட்டு, மறுமுனையில் காதை வைத்து, மீன் பாடுகிறதா என்று கேட்பார்களே, அந்தப் பொறுமை வேண்டும். என்டி1-ஏ பேர் பெற்றதே அதன் அமைதிக்காகத்தான். அதன் சொந்த இரைச்சல் வெறும் 5 டெசிபெல் என்று அதைச் செய்பவர்கள் தருகிறார்கள். மெல்லிய, ஒரே சீரான ‘உஸ்’ இருக்கும், அது இயற்கை. இடையிடையே ‘டிக்’, ‘பட்’ என்று ஏதாவது கேட்டால், அது ஒரே ஒரு தடவை என்றாலும், கேபிளை மாற்றிவிட்டு இன்னொரு தடவை பதியுங்கள். மறுபடியும் கேட்டால் அந்த மைக் வேண்டாம். ஈரம் போனால் சரியாகிவிடும் என்பார்கள். சில நேரம் சரியாகும். அந்தச் சில நேரத்துக்கு நீங்கள் ஏன் முழு விலை கொடுக்க வேண்டும்?

இந்த அலுமாரிச் சோதனையில் மைக் மட்டும் அல்ல, இன்டர்பேஸும் சேர்ந்துதான் பேசுகிறது. எனவே உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது 2ஐ2தான். அதில் எதையும் செருகாமல், இரண்டு சேனலிலும் மைக்கின் ஒலியைக் கூட்டும் கெய்ன் குமிழையும் முழுதாகத் திருப்பி வைத்து, ஒரு நிமிடம் பதியுங்கள். ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். இரண்டு சேனலும் கூடப் பிறந்தவர்கள். இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவாக, ஒரே மாதிரியாக இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் கூடுதலாகவோ கரகரப்பாகவோ கேட்டால் அந்தப் பக்கத்தின் உள்வாயில் அடிபட்டிருக்கிறது. குமிழ்களைத் திருப்பும்போதும் காதைக் கொடுங்கள். சரசரத்தால் தூசு; அது மன்னிக்கக்கூடிய குற்றம், விலையில் கழிக்கலாம்.

48 வோல்ட் உண்மையில் வருகிறதா என்று பார்க்கிற ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. விளக்கு எரிந்தால் வருகிறது என்று நம்பிவிடுகிறார்கள். ஒரு மல்ட்டிமீற்றர் கொண்டு போங்கள். மைக் கேபிளை இன்டர்பேஸில் செருகி, மைக் பூட்டுகிற முனையைக் கையில் எடுங்கள். மூன்று துளைகள் இருக்கும், பக்கத்தில் 1, 2, 3 என்று இலக்கமும் இருக்கும். 1க்கும் 2க்கும் நடுவே அளந்தால் 44க்கும் 52க்கும் இடையில் காட்ட வேண்டும். 1க்கும் 3க்கும் நடுவிலும் கிட்டத்தட்ட அதே அளவு. இரண்டு சேனலிலும் பாருங்கள். 30 வோல்ட் வந்தாலும் மைக் பேசத்தான் செய்யும். மத்தளக்காரர் கை ஓங்கும்போது ஒலி உடையும். நீங்கள் மைக்கைக் குறை சொல்லிக்கொண்டு இருப்பீர்கள்.

இன்னொன்று: வெளிவாயில் ஒன்றிலிருந்து குறுகிய கேபிளால் உள்வாயிலுக்கு இணைப்புக் கொடுத்து, உள்வாயிலை ‘லைன்’ நிலைக்கு மாற்றி, ஒடாசிட்டியில் 1000 ஹேர்ட்ஸ் ஒலி ஒன்றை உண்டாக்கி அனுப்பி, திரும்பி வருவதைப் பதியுங்கள். அனுப்பியதும் வந்ததும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த மென்பொருளிலேயே அலைவரிசை வரைபடம் பார்க்கலாம். 1000இல் ஒரு கோபுரம், மற்ற இடங்கள் வயல்வெளி. 2000, 3000 என்று குட்டிக் கோபுரங்கள் உயரமாக எழுந்தால் ஏதோ சரியில்லை. ஐந்து நிமிட வேலை. எல்லா உள்வாயிலுக்கும் வெளிவாயிலுக்கும் செய்துவிடுங்கள். அதே நேரத்தில் யுஎஸ்பி செருகியை மெல்ல ஆட்டிப் பாருங்கள். தொடர்பு அறுந்தால் அந்தத் துளை தளர்ந்துவிட்டது. இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் சாவது அந்த இடத்தில்தான். பெட்டியோடு கிடைக்கும் இலவச மென்பொருள்களைப் பற்றி அவர் பெருமையாகச் சொன்னால், அவற்றை முதலில் தன் பெயரில் பதிவு செய்தவர் அவர்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கென்று ஒரு சதமும் கூட்ட வேண்டாம்.

ஸ்பீக்கர்களின் பின்தகட்டில் எழுதியிருக்கும் வோல்ட் அளவை முதலில் வாசியுங்கள். ஜப்பானிலிருந்து பழைய சாமானாக வந்திறங்கியவை நம் நாட்டில் நிறைய. அவற்றில் 100 வோல்ட் என்று இருக்கும். நம்முடையது 230. நடுவில் ஒரு டிரான்ஸ்போமர் வைத்து ஓட்டியிருப்பார்கள். அதை மறந்து யாராவது நேரே செருகினால் புகைதான். பியூஸ் தெரிகிற மாதிரி இருந்தால் பிளக்கைக் கழற்றிவிட்டு அதையும் எடுத்துப் பாருங்கள். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றிய பியூஸை நான் என் கையாலேயே கழற்றியிருக்கிறேன். அப்படி ஒன்றைக் கண்டால் உள்ளே ஏற்கெனவே ஏதோ ஒரு தடவை எரிந்திருக்கிறது என்று பொருள்.

பாட்டு எதுவும் போடாமல், ஒலியைக் கூட்டி, காதை ஸ்பீக்கரின் அருகில் கொண்டு போங்கள். மெல்லிய ‘உஸ்’ சரி. ‘ம்ம்ம்’ என்று முனகினால் அதன் சுருதியைக் கவனியுங்கள். தாழ்ந்த 50 ஹேர்ட்ஸ் முனகல் என்றால் பெரும்பாலும் எர்த் அல்லது கேபிள். வேறு பிளக்கில் போட்டால் போய்விடும். அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, 100 ஹேர்ட்ஸில் முனகினால் பெரும்பாலும் உள்ளே மின்னைச் சீராக்கும் கப்பாசிற்றர் வயதாகிவிட்டது. முந்தியது இலவசம், பிந்தியது செலவு.

கூம்பின் இரண்டு பக்கத்திலும் விரல்களை வைத்து, நேராக, மெல்ல உள்ளே அழுத்தி விடுங்கள். மணல் உரசுவது போலக் கைக்குத் தெரிந்தால் சுருள் கோணலாகிவிட்டது. பழைய ஸ்பீக்கர்களில் கூம்பைச் சுற்றி நுரைப்பட்டி இருந்தால் நகத்தால் தொட்டுப் பாருங்கள். நம்முடைய காலநிலையில் அது பிட்டுப்போல உதிர்ந்துவிடும். பிறகு இரண்டு ஸ்பீக்கர்களையும் முகத்துக்கு முகம், நான்கு விரல் இடைவெளியில் வையுங்கள். இரண்டிலும் ஒரே ஒலியை அனுப்பி, கணினியில் ஒரு பக்கத்தின் ஒலி அலையை மட்டும் தலைகீழாக்குங்கள். ஒன்றை ஒன்று விழுங்கி, அடியொலி காணாமல் போக வேண்டும். பறையின் அடி இன்னும் ‘தொம் தொம்’ என்று கேட்டால் இரண்டில் ஒன்று தளர்ந்திருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்து காட்டினால் விற்பவரே ஆச்சரியப்பட்டு விலையைக் குறைத்த கதையும் உண்டு. ஸ்பீக்கர்களை நிறுத்தாமல் ஒரு மணி நேரமாவது ஓட விட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்து பின்பக்கத்தைத் தொட்டும் முகர்ந்தும் பாருங்கள்.

எஸ்எம்58 இரண்டையும் பலசரக்குக் கடைத் தராசில் வைக்கலாம். அசலின் எடை 298 கிராம். உலகத்தில் அதிகமாகப் போலி செய்யப்படும் மைக்குகளில் இது ஒன்று. போலி பெரும்பாலும் இலேசாக இருக்கும். எடை சரியாக இருப்பதால் மட்டும் அசல் ஆகிவிடாது. எடை நன்றாகத் தப்பினால் போலி என்று பலமாகச் சந்தேகிக்கலாம். வலைக்குமிழ் நசுங்கியிருந்தால் கவலை வேண்டாம். உள்ளே இருக்கும் பஞ்சு நாறும். எல்லாப் பஞ்சும் நாறும். கழுவிக் காயவைத்துப் போடுங்கள்.

இனி அந்த மிக்சர். அதை வாங்காதீர்கள்.

இதில் நான் பட்டிருக்கிறேன். 2011 ஜனவரி வெள்ளம் வடிந்து சில மாதங்களில், பெயர் சொல்ல விரும்பாத ஒருவரிடம் ஒரு மிக்சர் வாங்கினேன். துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தார். பதினாறு சேனலும் பாடின. நான்காவது மாதம் ஒரு சேனல் போயிற்று, பிறகு இன்னொன்று. திறந்து பார்த்தபோது டிரான்ஸ்போமரின் இடுப்பளவில், தேநீர்க் கோப்பையில் படிவது போல, ஒரு பழுப்புக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளம் ஏறி நின்ற கோடு. ஸ்க்ரூக் குழிகளில் இன்னும் வண்டல் இருந்தது. வாங்குகிற அன்றே அடித்தகட்டின் நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றியிருந்தால் அந்தக் கோட்டைக் கண்டிருப்பேன். கூச்சத்தில் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள். மறுத்தால் ஸ்க்ரூத் தலைகளையாவது பாருங்கள்: துரு, வெள்ளைப் பொடி, அல்லது யாரோ கழற்றிப் பூட்டிய கீறல்.

உங்களுக்கு மிக்சர் வேண்டாம் என்பதற்கு அதைவிட எளிய காரணமும் உண்டு. நீங்கள் ஒரு நேரத்தில் ஒருவரையோ இருவரையோதான் பதியப்போகிறீர்கள். அதற்கு 2ஐ2 இருக்கிறது. 12 சேனல் மிக்சர் ஸ்டூடியோவில் பிறந்திருக்காது. பெரும்பாலும் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் போய் வந்திருக்கும். அப்படிப் போய் வந்த ஒன்றைத் திறந்தபோது ஒலியைக் கூட்டிக் குறைக்கத் தள்ளும் ஃபேடர்களின் பள்ளங்களில் விபூதியும், மின்பகுதியில் வெந்து காய்ந்த பல்லி ஒன்றும் கிடைத்தன. அந்தப் பல்லி எத்தனை திருவிழா பார்த்ததோ.

விலைக்கு வருவோம். மொத்தமாக ஒரு தொகை சொன்னால் நல்லது கெட்டதைச் சுமந்துகொண்டு போகும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்கு முதல் நாள், கொழும்புக் கடைகள் இரண்டில் ஒவ்வொன்றின் இன்றைய புதிய விலையைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். “நான் வாங்கியதே இவ்வளவுதான்” என்று அவர் சொல்லலாம், “வாங்கிய விலையைவிடக் கூடக் கேட்கிறீர்களே” என்று நீங்களும் சொல்லலாம். இரண்டுக்கும் பொருள் இல்லை. 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 350ஐத் தாண்டிய நாடு இது. அதற்கு முன் வாங்கியவரின் பற்றுச்சீட்டு இன்றைக்கு விலை சொல்லாது. என் வழக்கம், இன்றைய புதிய விலையில் பாதியில் பேச்சைத் தொடங்குவது. எல்லாச் சோதனையிலும் தேறிய இன்டர்பேஸுக்கும் ஸ்பீக்கருக்கும் அறுபது வீதம் வரை போவேன். கண்டென்சர் மைக்குக்கு, இந்தக் கரையோரத்தில், பாதிக்கு மேல் போக மாட்டேன்.

பற்றுச்சீட்டு சொந்தக்காரர் யார் என்று சொல்லும், அதற்காக வாங்கி வையுங்கள். தொலைந்துவிட்டது என்றால், ஒவ்வொன்றின் தொடர் இலக்கத்தையும் அவருடைய அடையாள அட்டை இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நாட்டை விட்டுப் போகிறவர் என்பதால், ஒரு பகுதிப் பணத்தை அவருடைய உறவினர் ஒருவரிடம் கொடுத்து, இரண்டு வாரம் கழித்துத் தரும்படி இருவரும் ஒத்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் கோபிக்க வேண்டாம். அவர் இடத்தில் நானும் யோசிப்பேன்.

ஹெட்போனில் காதுப்பஞ்சு உரிந்திருந்தால் மாற்றலாம். கேபிள்களுக்குத் தனி விலை கொடுக்காதீர்கள். முள் பச்சை பிடித்திருப்பவற்றை வாங்கவும் வேண்டாம், சும்மா கொடுத்தாலும். மைக்கை வீட்டில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வையுங்கள். அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்லி யாராவது ஆலோசனை சொல்வார்கள். அரிசியின் மாவு வலைக்கூட்டுக்குள் போய்விடும்; அரிசி சோறாக்கத்தான்.

சாமான் ஏற்ற வான் பிடித்தால் ஸ்பீக்கர்களை நிறுத்தியபடியே, முகத்தோடு முகம் முட்டாமல், நடுவில் தலையணை வைத்துக் கட்டுங்கள். என்டி1-ஏயைப் பின்னால் போட வேண்டாம். களுவாஞ்சிக்குடி வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள்.